பூச்சிக்கு அடித்த மருந்தில் நம் தசை ஏன் துடிக்கிறது?

"எங்க வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போறாரு. மருந்தடிச்ச அன்னிக்கு ராத்திரி கண்ணோரமும் கெண்டைக்காலும் தன்னால துடிக்குது. வாயில எச்சில் ஊறிக்கிட்டே இருக்கு. 'நரம்புத் தளர்ச்சி'ன்னு ஒருத்தர் சத்து ஊசி போட்டு அனுப்பிட்டாரு. மருந்து பூச்சியைத்தானே கொல்லும்? மனுஷன் நரம்பை எப்படித் தொடும்?"

போடிநாயக்கனூர் அருகே சிலமலையிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கேள்வி இது. நான்கு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறோம். விடிவதற்குள் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டி மலைக்குப் போய், மாலையில் அதே உடுப்போடு திரும்பும் எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். தோட்டத்தில் மட்டுமல்ல, பருத்தி, கத்தரி, திராட்சைக்கு மருந்தடிப்பவர்களுக்கும்தான்.

முதலில் சுருக்கமான பதில்: நாம் அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை பூச்சியின் நரம்பைத் தாக்கித்தான் அதைக் கொல்கின்றன. பூச்சியின் நரம்பும் நம் நரம்பும் வேலை செய்கிற முறை ஏறத்தாழ ஒன்றேதான். அளவுதான் வேறு.

எது நரம்பு?

ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கவில்லை" என்று சொல்வோம். அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். உண்மையான நரம்பு என்பது சேதி கொண்டு போகும் நார். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பி, உடம்பின் ஒவ்வொரு தசைக்கும் தோலுக்கும் போகிறது. ஒரு நாருக்குள் இருப்பது ஒரே ஒரு நரம்பு செல்லின் நீண்ட வால். இடுப்புப் பக்கம் தண்டுவடத்தில் தொடங்கிப் பாதம் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே செல் போவதும் உண்டு.

அந்த வாலில் ஓடுவது மின்சாரச் சேதி. ஆனால் வீட்டு வயரில் ஓடுகிற கரன்ட் மாதிரி இல்லை. இதை ஒரு கண்மாயை வைத்துப் பார்ப்போம்.

மடை திறந்தால் சேதி

கண்மாயில் தண்ணீர் நிற்கிறது. கீழே வயல் காய்ந்து கிடக்கிறது. நடுவில் கரை, கரையில் மடை. மடை மூடியிருக்கும் வரை ஒன்றும் நடக்காது. ஆனால் திறந்தவுடன் பாய்வதற்குத் தண்ணீர் தயாராக இருக்கிறது.

நரம்பு செல்லின் தோல்தான் அந்தக் கரை. வெளியே இருப்பது சோடியம், அதாவது நம் சாப்பாட்டு உப்பில் உள்ள அதே சோடியம். உள்ளே இருப்பதைவிட வெளியே அது பத்து மடங்குக்கும் அதிகம். உள்ளே நிறைந்திருப்பது பொட்டாசியம். வாழைக்குப் போடும் பொட்டாஷில் உள்ளதும் அதுதான். இரண்டுமே மின்னேற்றம் உள்ள துகள்கள். பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிவதால், செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக நிற்கிறது. டார்ச் லைட் பேட்டரி ஒன்று 1,500 மில்லிவோல்ட். அதில் இருபதில் ஒரு பங்குதான் இது. ஆனாலும் நாம் நடப்பதும் பேசுவதும் இந்தச் சிறு மின்சாரத்தால்தான்.

நரம்பின் ஒரு முனை தூண்டப்படும்போது அங்குள்ள மின்னழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் சோடியம் மடைகள் படீரென்று திறக்கின்றன. வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாய்கிறது. மைனஸில் இருந்த உட்புறம் ஒரு கணம் பிளஸுக்குப் போகிறது. அந்த மாற்றம் பக்கத்து மடைகளைத் திறக்கிறது. அவை அடுத்ததைத் திறக்கின்றன. பட்டாசுச் சரம் வெடித்துக்கொண்டே போவது போலச் சேதி ஓடுகிறது. சரத்தின் முதல் வெடி எவ்வளவு சத்தமோ, கடைசி வெடியும் அதே சத்தம். நரம்புச் சேதியும் அப்படித்தான், தூரம் போகப் போகக் குறைவதில்லை.

ஒரே வித்தியாசம், வெடித்த சரம் வெடித்ததுதான். நரம்பு மறுபடியும் தயாராகிவிடும். திறந்த சோடியம் மடை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் தானாக அடைத்துக்கொள்கிறது. பிறகு பொட்டாசியம் மடை திறந்து பழைய நிலையைக் கொண்டுவருகிறது. இதற்கெல்லாம் பின்னால் ஒரு பம்பு இரவும் பகலும் ஓடுகிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நம் உடல் எடையில் 2 சதவிகிதம்தான் மூளை. ஆனால் நாம் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்வதற்கு இந்தப் பம்பு பெரிய காரணம்.

சேதியின் வேகமும் நாருக்கு நார் மாறும். மேலே கொழுப்பு உறை சுற்றிய பெரிய நார்களில் நொடிக்கு 100 மீட்டர் வரை போகும். உறை இல்லாத மெல்லிய நார்களில் நொடிக்கு ஒரு மீட்டர்தான். கல்லில் கால் இடித்தவுடன் முதலில் சுரீர் என்று ஒரு வலியும், சற்றுப் பொறுத்து மந்தமாக இன்னொரு வலியும் வருவது இதனால்தான்.

இந்த மடைக் கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தின் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர். கணவாய் மீனின் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான நரம்பு நார் உண்டு. அதற்குள் மெல்லிய கம்பியைச் செருகி அளந்து, 1952-இல் முழுக் கணக்கையும் வெளியிட்டார்கள். 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. கணவாய் நரம்பில் கண்டது மனிதனுக்கும் பொருந்தியது, ஏலக்காய் இலைப்பேனுக்கும் பொருந்தும். நம் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

நரம்பு முடியும் இடத்தில் ஒரு பள்ளம்

நரம்பு நார் தசையைத் தொடும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அந்தப் பள்ளத்தை மின்சாரம் தாண்டாது. எனவே நரம்பின் முனை ஒரு ரசாயனத்தைச் சொட்டுகிறது. அதன் பெயர் அசிட்டைல்கோலின். அது மறுகரையில் உள்ள பூட்டில் சாவி போலப் பொருந்தியதும் தசை சுருங்குகிறது. நரம்புச் சேதியை ரசாயனம் கடத்துகிறது என்பதை 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி தவளையின் இதயத்தை வைத்து நிரூபித்தார்.

சாவி பூட்டிலேயே கிடந்தால் தசை சுருங்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு துப்புரவாளர் அங்கேயே நிற்கிறார். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான சாவிகளை உடைத்துப் போட்டுவிடும். பள்ளம் சுத்தமானால்தான் அடுத்த சேதிக்கு வழி.

எந்த மருந்து எங்கே அடிக்கிறது?

பாட்டிலில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயரைப் படியுங்கள். அதில்தான் விஷயம் இருக்கிறது.

'பாஸ்' என்று முடிபவை: குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ். அசிபேட்டும் இந்தக் குடும்பம்தான். இவை அந்தத் துப்புரவாளரின் கையைக் கட்டிப்போடுகின்றன. சாவிகள் குவிகின்றன. தசை துடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் களைத்து விழுகிறது. எச்சில், கண்ணீர், வியர்வைச் சுரப்பிகளும் இதே சாவியால் இயங்குவதால் அவையும் கொட்டுகின்றன. 1936-இல் ஜெர்மனியில் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர் பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்தபோது, இந்தக் குடும்பத்தில்தான் 'டாபுன்' என்ற போர் நச்சுவாயு தட்டுப்பட்டது. இதன் உறவுமுறை அப்படிப்பட்டது.

'த்ரின்' என்று முடிபவை: சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின். இவை சோடியம் மடையை அடைக்க விடாமல் முட்டுக் கொடுக்கின்றன. மருந்து பட்ட முகத்திலும் கையிலும் எறும்பு ஊர்வது போல, மிளகாய் பட்டது போல எரிவது இதனால்தான். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், அசிட்டாமிப்ரிட்: இவை கள்ளச்சாவிகள். அசிட்டைல்கோலினின் பூட்டிலேயே போய் மாட்டிக்கொள்ளும். துப்புரவாளரால் இவற்றை உடைக்க முடியாது. பூச்சியின் பூட்டுக்கு இறுக்கமாகவும், நம் பூட்டுக்குத் தளர்வாகவும் பொருந்துவதால் நமக்கு ஆபத்து குறைவு. தேனீக்கு அப்படி இல்லை.

எண்டோசல்பான், பிப்ரோனில்: நரம்புக்கு வேகம் கூட்டும் சேதிகள் இருப்பது போல, பிரேக் போடும் சேதிகளும் உண்டு. இவை அந்தப் பிரேக்கை அறுக்கின்றன. காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் தெளித்ததன் விளைவாக நாடே அறிந்த எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

இங்கே ஒரு பயிர்ப் பாடமும் இருக்கிறது. போன தடவை குயினால்பாஸ் அடித்தும் பூச்சி சாகவில்லை என்று இந்தத் தடவை புரோபனோபாஸ் அடித்தால், பாட்டில்தான் மாறியது. அடி விழுவது அதே துப்புரவாளர் மீதுதான். அந்த அடிக்குத் தப்பிய பூச்சிகள்தான் பெருகும். மருந்தை மாற்றுவதென்றால் அடிக்கிற இடத்தை மாற்ற வேண்டும். அதுவும் அந்தப் பயிருக்குப் பரிந்துரை இருந்தால் மட்டுமே.

அப்படியானால் வாசகியின் வீட்டுக்காரருக்கு?

தசை துடிப்பதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் மருந்தடித்த அன்றே துடிப்பும் எச்சில் ஊறலும் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது 'பாஸ்' மருந்தைத்தான். இது சத்துக்குறைவு இல்லை, சத்து ஊசியால் தீரவும் தீராது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டுண்ட துப்புரவாளர் ஒரு ராத்திரித் தூக்கத்தில் மீள்வதில்லை. உடம்பு புதிதாக உருவாக்க வாரக்கணக்கில் ஆகும். இன்று கொஞ்சம், நான்கு நாள் கழித்துக் கொஞ்சம் என்று மருந்து பட்டுக்கொண்டே இருந்தால் பற்று ஏறிக்கொண்டே போகும். "இருபது வருஷமா அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று இருந்தவர் ஒருநாள் சாதாரண அளவிலேயே சுருண்டு விழுவது இப்படித்தான். ரத்தத்தில் 'கோலினெஸ்டரேஸ்' அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. தொடர்ந்து மருந்தடிப்பவர்கள் மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். அளவு குறைந்திருந்தால், அது ஏறும்வரை மருந்துப் பக்கமே போகக் கூடாது.

2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யாரும் மருந்தைக் குடிக்கவில்லை. தெளித்ததுதான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2013 ஜூலையில், பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்தின் 36 சதவிகிதக் கரைசலுக்கு மத்திய அரசு 2023-இல் தடை ஆணை போட்டது. பழைய பாட்டில் வீட்டு மூலையில் இருந்தால் எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

மருந்து உள்ளே போகும் வழி தோல்

மூக்கில் துண்டு கட்டினால் போதும் என்று நினைக்கிறோம். 'பாஸ்' மருந்துகள் தோல் வழியாகவே நன்றாக உள்ளே போகும். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்வதால் நுனி தூக்கி அடிக்கிறோம். சாரல் முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும் விழுகிறது. ஈரச் சட்டையோடு வேலை முடித்து, அதே சட்டையோடு ஜீப்பில் உட்கார்ந்து இறங்கினால், வேலை முடிந்த பிறகும் மருந்து உடம்புக்குள் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் ராத்திரியில் துடிப்பு.

மாற்று உடுப்பு ஒன்று பையில் இருக்கட்டும். மலையிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பு மாற்றிவிட்டு ஜீப் ஏறுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று அடியுங்கள். ஒழுகும் தெளிப்பானை முதுகில் மாட்டாதீர்கள். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, பூட்ஸ் வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பீடி, வெற்றிலை, சாப்பாடு எதையும் தொடாதீர்கள். மருந்து பட்ட உடுப்பை வீட்டில் துவைப்பவர்களும் கவனிக்க வேண்டும். குழந்தைகள் துணியோடு சேர்க்காமல், கையுறை போட்டுத் தனியாக அலசுங்கள். பாட்டிலில் உள்ள முக்கோணத்தையும் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், அதற்கும் குறைவு நீலம், எல்லாவற்றிலும் குறைவு பச்சை.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தடிக்கும் ஆளுக்குக் கூலி கொடுத்தால் கணக்குத் தீராது. கழுவத் தண்ணீர், சோப்பு, கையுறை மூன்றும் கொடுப்பது உங்கள் பொறுப்பு. மருந்தின் தேவையையே குறைக்கவும் வழி உண்டு. ஏலத்தில் வேர்ப்புழுவின் தாய் வண்டுகளை மழைக்குப் பின் வலை வீசிப் பிடித்து அழிக்கலாம். புழுவுக்கு நன்மை செய்யும் நூற்புழுக்களைப் பயன்படுத்தலாம். மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அவசரம் என்று எப்போது தெரியும்?

மலைக் குளிரிலும் உடம்பு தெப்பமாக வியர்க்கிறது, எச்சிலும் கண்ணீரும் கொட்டுகிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்குகிறது, பார்வை மங்குகிறது, நெஞ்சு இறுகுகிறது, தசை துடிக்கிறது. இதில் இரண்டு மூன்று சேர்ந்தாலே நேரம் கடத்தாதீர்கள். "வெயில் மயக்கம், பித்தம்" என்று சும்மா படுக்க வைக்காதீர்கள்.

உடனே தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்து உடுப்பைக் கழற்றி, தலைமுடி, நகம் உட்பட சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கழுவுபவர் வெறுங்கையால் தொடாமல், கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். மயக்கமாக இருந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உப்புக்கரைசல், சாணிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-க்குக் கூப்பிடுங்கள். மருந்துப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள்.

மருத்துவமனையில் அட்ரோபின் போடுவார்கள். குவிந்துவிட்ட சாவிகள் சுரப்பிகளின் பூட்டில் நுழையாமல் அது மறைத்துக்கொள்ளும். நெஞ்சில் கட்டிய நீர் வற்றும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். "தெளிந்துவிட்டது" என்று மறுநாளே வீட்டுக்குக் கூட்டிவராதீர்கள். ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும் ஆபத்து இருக்கிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் அதுதான் முதல் அடையாளம்.

இதே விஷயத்தில் மேலும் சில கேள்விகள்

*புகையிலைக் கரைசல் இயற்கையானதுதானே, வெறுங்கையால் கலக்கலாமா?*

கூடாது. புகையிலையின் நிகோடினும் கள்ளச்சாவிதான். இமிடாகுளோபிரிட் வகைக்கு அதுவே முன்னோடி. ஈரப் புகையிலையிலிருந்து தோல் வழியாகவே ஏறித் தலைசுற்றல், வாந்தி தரும். அக்னி அஸ்திரம் தயாரிப்பவர்களும் கையுறை போடுங்கள்.

*நல்லபாம்பு விஷமும் நரம்பைத் தாக்கும் என்கிறார்களே, இதே மாதிரியா?*

இடம் ஒன்று, வேலை நேர் எதிர். நல்லபாம்பு விஷம் தசையின் பூட்டை அடைத்துவிடும். சாவி நுழையாது. அதனால் தசை துடிக்காது, தளரும். இமை தொங்குவது முதல் அடையாளம். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே கெடுக்கும். இரண்டுக்கும் பாம்புக்கடி முறிமருந்துதான் சிகிச்சை. நல்லபாம்புக் கடிக்குக் கூடவே நியோஸ்டிக்மின் என்ற ஊசியும் போடுவார்கள். அது துப்புரவாளரைச் சிறிது நேரம் நிறுத்திவைத்துச் சாவிகளைப் பெருக்கும். 'பாஸ்' மருந்து செய்கிற அதே வேலையை மருத்துவர் அளவோடு செய்கிறார்.

*மருந்தடித்த வரப்பில் மேய்ந்த மாடு வாயில் நுரை தள்ளி நடுங்குகிறது. என்ன செய்வது?*

மாட்டுக்கும் அதே நரம்புதான். தோலில் பட்டிருந்தால் கழுவிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். அட்ரோபின் மாட்டுக்கும் உண்டு.

*ஏலம் பூத்திருக்கும்போது எந்த நேரத்தில் அடித்தால் தேனீ தப்பும்?*

ஏலப்பூ அதிகாலையில் விரியும், தேனீ வருவதும் காலை நேரத்தில்தான். காய் பிடிப்பதே தேனீயால்தான். கட்டாயம் அடிக்க வேண்டுமானால், தேனீ நடமாட்டம் ஓய்ந்த பிறகு பிற்பகலில் அடியுங்கள். கள்ளச்சாவி வகை மருந்துகளைப் பூக்கும் காலத்தில் தொடாதீர்கள்.

சிலமலை வாசகிக்கு: வீட்டுக்காரரை இந்த வாரமே போடி அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். அவர் அடித்த மருந்துகளின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை அவர் காய் எடுக்கலாம், களை வெட்டலாம். தெளிப்பானை மட்டும் தொட வேண்டாம்.